சின்ன அசிஸ்டட் லிவிங் ஹோம்ல பெரியவங்களைச் சேர்க்கப் போறீங்களா? பேப்பர், பணம், டைம் எல்லாம் வரிசையா

வீட்ல வச்சுப் பாத்துக்க முடியாத கட்டம் வந்துருச்சு, ஒரு ஹோம் தேடியே ஆகணும்னு முடிவு பண்ணிட்டவங்களுக்காக இத எழுதுறேன். சேர்க்குறது சரியா தப்பான்னு இங்க பேசப் போறதில்ல, அந்தப் பேச்ச சொந்தக்காரங்க உங்ககிட்ட ஏற்கனவே பேசி முடிச்சிருப்பாங்க. எங்க வீட்டுல இந்த வேலைய முடிக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு, ஏன்னா எத முதல்ல செய்யணும் எத கடைசில செய்யணும்னு சொல்றதுக்கு ஆளே இல்ல.

சின்ன ஹோம்னு நான் சொல்றது, ஒரு சாதாரண வீட்டையே மாத்தி அஞ்சாறு பேர்ல இருந்து பத்து பேர் வரைக்கும் வச்சுப் பாத்துக்குற இடம். பெரிய கட்டடம், ரிசப்ஷன், லிஃப்ட் எல்லாம் இருக்காது. ஆள் கம்மியா இருக்கறதுனால உங்க அம்மாவோட பேரு, பழக்கம், கோபம் எல்லாம் அங்க இருக்குறவங்களுக்கு சீக்கிரம் பழகிடும், இதுதான் பெரிய ப்ளஸ். அதே ஆள் கம்மிதான் பெரிய மைனஸும், ஒருத்தர் லீவு போட்டா பாதி ஸ்டாஃப் காலி. கீழ நான் சொல்ற எல்லா கேள்வியும் இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது.

1. என்னென்ன உதவி வேணும்னு முதல்ல எழுதுங்க

ஹோமுக்கு போன் போடுறதுக்கு முன்னாடி இத முடிச்சிடுங்க. "அப்பாவுக்கு கொஞ்சம் முடியல"ன்னு சொன்னா அவங்க ஒரு ரேட் சொல்வாங்க, சேர்ந்ததுக்கு அப்புறம் வேற ரேட் வரும்.

1963ல காட்ஸ்னு ஒரு டாக்டர் குழு போட்ட லிஸ்ட்டத்தான் இன்னைக்கும் நிறைய இடத்துல அளவுகோலா வச்சிருக்காங்க. அதுல ஆறு விஷயம்: குளிக்குறது, டிரஸ் மாத்துறது, டாய்லெட் போறது, கட்டில்ல இருந்து எழுந்து சேர்ல உக்கார்றது, சிறுநீர் மலம் அடக்குறது, சாப்பிடுறது. ஒவ்வொண்ணுக்கும் நேரா "தானா செய்வார்", "பக்கத்துல ஆள் நின்னா போதும்", "ஒரு ஆள் பிடிக்கணும்", "ரெண்டு ஆள் வேணும்" இதுல ஒண்ண எழுதுங்க. ரெண்டு ஆள் வேணும்ங்கறது ரொம்ப முக்கியம், ஏன்னா சின்ன ஹோம் பலதுல ஒரு ஷிஃப்ட்டுக்கு ரெண்டு பேர் இருக்கறதே அபூர்வம், அதனால அங்கயே நோ சொல்லிடுவாங்க, இல்லன்னா அதுக்குத் தனி சார்ஜ்.

இதோட ராத்திரி லிஸ்ட்டும் ஒண்ணு போடுங்க, எத்தனை தடவ எழுந்திரிக்கிறார், எதுக்கு எழுந்திரிக்கிறார், எழுந்து நடமாடுவாரா, கதவத் திறந்து வெளிய போகப் பாப்பாரான்னு. நிறைய பேர் இத மறைச்சிடுறாங்க, சொன்னா எடுத்துக்க மாட்டாங்களோன்னு பயம். தயவுசெஞ்சு மறைக்காதீங்க. முதல் வாரத்துலயே தெரிஞ்சிடும், அப்புறம் "எங்களால முடியாது, கூட்டிட்டுப் போங்க"ன்னு ஒரு போன் வரும், அப்ப எங்க கொண்டு போய் விடுவீங்க?

2. ஹோம் எத செய்யும், எத செய்யாது

பொதுவா மாசக் கட்டணத்துல ரூம், சாப்பாடு, துணி துவைக்குறது, ரூம் சுத்தம், குளிக்க வைக்குறது, மாத்திரை எடுத்துக் கொடுக்குறது, பகல்ல கொஞ்சம் பேச்சுத்துணை இவ்ளோதான். இது ஆஸ்பத்திரியும் இல்ல, நர்சிங் ஹோமும் இல்ல. பெரும்பாலும் 24 மணி நேரமும் நர்ஸ் இருக்க மாட்டாங்க, இருக்குறது கேர்டேக்கருங்கதான். அதனால மூக்கு வழியா ட்யூப் ஃபீடிங், ஆழமான படுக்கைப்புண்ணுக்கு டிரெஸ்ஸிங், அடிக்கடி இன்சுலின் அளவு மாத்துறது, இதெல்லாம் உங்க கேஸ்ல இருந்தா முதல் போன்லயே கேட்டுடுங்க. "பாத்துக்கலாம்"னு பதில் வந்தா விடாதீங்க. யார் பாத்துப்பா, அவங்களுக்கு என்ன ட்ரெயினிங், அவங்க இல்லாத அன்னைக்கு யாருன்னு மூணையும் கேளுங்க.

3. பேப்பர் வேலை, எது முதல்ல

இதுலதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க, ஏன்னா மெடிக்கல் டெஸ்ட்ட முதல்ல எடுத்துட்டு சட்டப் பேப்பர கடைசிக்குத் தள்ளிடுறாங்க. வரிசை தலைகீழா இருக்கணும்.

முதல்ல சட்டப் பேப்பர். பணம், பேங்க், வைத்திய முடிவு இதுக்கெல்லாம் அவங்க சார்பா யார் கையெழுத்து போடுறதுங்கறத அவங்களுக்கு நினைவு தெளிவா இருக்கும்போதே எழுதி வாங்கிடணும். சாதாரண பவர் ஆஃப் அட்டர்னிக்கு பல நாடுகள்ல ஒரு சிக்கல் இருக்கு, எழுதிக் கொடுத்தவர் தானா முடிவெடுக்குற நிலைய இழந்துட்டா அந்தப் பேப்பர் செல்லாது. அதாவது உங்களுக்கு நிஜமாவே தேவைப்படுற நேரத்துல அது வெறும் காகிதம். அப்புறமும் செல்லுபடியாகுற மாதிரி உங்க ஊர் சட்டத்துல என்ன வகை இருக்குன்னு ஒரு வக்கீல்கிட்ட கேட்டு அத எழுதுங்க. மறதி நோய்னு டாக்டர் சொல்லிட்டாலே கையெழுத்து போட முடியாதுன்னு அர்த்தம் இல்ல, ஆரம்ப கட்டத்துல நிறைய பேருக்கு புரிஞ்சு முடிவெடுக்குற தெளிவு இருக்கும், ஆனா கையெழுத்து போடுற அன்னைக்கே டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கி சேத்து வச்சிக்கோங்க, பின்னாடி கூடப்பிறந்தவங்களே கேள்வி கேப்பாங்க.

இதோடயே, உடம்பு ரொம்ப மோசமானா வென்டிலேட்டர் வேணுமா, நெஞ்ச அழுத்தி உயிர் குடுக்கப் பாக்கணுமா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணுமா, இதப் பத்தி அவங்க என்ன நினைக்கறாங்கன்னு கேட்டு எழுதி வாங்கிடுங்க. கேக்க வாய் வராதுதான். ஆனா எழுத்துல இல்லன்னா நடுராத்திரி கேர்டேக்கர் ஆம்புலன்ஸுக்குதான் போன் பண்ணுவாங்க, பண்ணித்தான் ஆகணும், அவங்கள குறை சொல்ல முடியாது.

ரெண்டாவது, எப்பவும் தயாரா இருக்க வேண்டிய ஃபைல்: ஐடி காபி, இன்ஷூரன்ஸ் அல்லது பென்ஷன் பேப்பர், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, இப்ப சாப்பிடுற மாத்திரை லிஸ்ட், அலர்ஜி, பாக்குற டாக்டருங்க நம்பர், தடுப்பூசி விவரம், அவசரத்துக்கு ரெண்டு பேரோட நம்பர். ஒரு நம்பர் போதாது, நீங்க ஃப்ளைட்ல இருப்பீங்க.

மூணாவதா, கடைசிலதான் மெடிக்கல் செக்கப். டிபி இல்லன்னு காட்ட மார்பு எக்ஸ்ரே அல்லது டெஸ்ட், ஃபிட்னெஸ் சர்ட்டிஃபிகேட் இதெல்லாம் நிறைய இடத்துல கேப்பாங்க, ஆனா பழசு ஏத்துக்க மாட்டாங்க. எத்தனை நாளுக்குள்ள எடுத்தது வேணும்னு அந்த ஹோம்கிட்டயே கேட்டுட்டு, இடம் உறுதியானதுக்கு அப்புறம் எடுங்க. இல்லன்னா முடியாத மனுஷன ரெண்டு தடவ லேபுக்கு இழுத்துட்டு அலையணும்.

4. நேர்ல போய்ப் பாக்குறது

முதல் தடவ சொல்லிட்டு போங்க, அடுத்த தடவ சொல்லாம போங்க, அதுவும் சாயங்காலம். மறதி நோய் உள்ளவங்களுக்கு பொழுது சாயுற நேரத்துலதான் படபடப்பும் குழப்பமும் ஏறும், அந்த நேரம் பாத்து ஸ்டாஃப் ஷிஃப்ட் மாறும், சமையல் நடக்கும். காலைல பத்து மணிக்கு எல்லா ஹோமும் அழகாத்தான் இருக்கும்.

சுவர் பெயின்ட்ட விடுங்க. காலிங் பெல் கட்டில்ல படுத்திருக்குறவர் கைக்கு எட்டுதான்னு பாருங்க. நான் பாத்த ஒரு ஹோம்ல பெல் ஒயர கட்டில் தலைமாட்டுக் கம்பியில சுத்தி அழகா முடிச்சு போட்டு வச்சிருந்தாங்க, சும்மா சும்மா அடிக்கிறாராம். அங்கயே கிளம்பிட்டேன்.

டாய்லெட்ல கைப்பிடிக் கம்பிய ஒரு தடவ இழுத்துப் பாருங்க, ஆடக் கூடாது. வீல்சேர் போகணும்னா கதவோட வழி குறைஞ்சது 32 இன்ச் வேணும், உள்ள திருப்பறதுக்கு சுமார் 5 அடி வட்டம் வேணும், பழைய வீடுகள்ல பாத்ரூம் கதவுதான் எப்பவும் இடிக்கும், டேப் எடுத்துட்டுப் போங்க. வெந்நீர் பைப்பத் திறந்து பாருங்க. தண்ணி 60 டிகிரி செல்சியஸ்ல இருந்தா சில நொடியிலயே தோல் வெந்துடும், வயசானவங்க தோல் மெல்லிசு, கைய இழுக்கவும் நேரமாகும். கீசர்ல அளவு குறைச்சு செட் பண்ணிருக்காங்களான்னு கேளுங்க.

லைசென்ஸ் அல்லது ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பரோட காலாவதி தேதியப் பாருங்க. அதுல எத்தனை பேருக்கு அனுமதின்னு இருக்கும், நீங்க கட்டில எண்ணிப் பாருங்க. இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் வெளியிடுற ஊரா இருந்தா அதையும் படிங்க. அங்க இருக்குற பெரியவங்ககிட்டயும் ரெண்டு வார்த்த பேசுங்க. வர்ற குடும்பத்துக்காரங்கள வாசல்ல பிடிச்சீங்கன்னா இன்னும் நல்லது, ஓனர் சொல்லாதத அவங்க சொல்லுவாங்க.

5. ராத்திரி யாரு?

இதுக்கு மட்டும் தனி தலைப்பு போட்டிருக்கேன், காரணம் இருக்கு. ராத்திரி ட்யூட்டி ஆள் முழிச்சிருக்குற ஆளா, இல்ல அங்கயே தூங்கி கூப்பிட்டா எழுந்து வர்ற ஆளா? ரெண்டுமே "24 மணி நேர கேர்"னுதான் விளம்பரத்துல வரும். உங்க அப்பா ராத்திரி மூணு தடவ டாய்லெட் போறவர்னா தூங்குற ஆள் வச்சிருக்குற ஹோம் வேலைக்கே ஆகாது, ஒரு நாள் தானா எழுந்து போய் விழுவார்.

அடுத்து, ஒரே ஆள் இருக்கும்போது ஒருத்தர் விழுந்துட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. நல்ல பதில் எப்படி இருக்கும்னா, தூக்க மாட்டோம், முதல்ல தலை இடுப்பு அடி பட்டிருக்கான்னு பாப்போம், இன்னாருக்கு போன் பண்ணுவோம், அவங்க இத்தன நிமிஷத்துல வருவாங்க, உங்களுக்கும் அப்பவே சொல்லுவோம்னு வரிசையா வரும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க தலையில அடிபட்டா வெளிய காயமே தெரியாட்டியும் உள்ள ரத்தம் கசியலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இது அந்த ராத்திரி ஆளுக்குத் தெரியுமான்னு அவங்களையே கேட்டுப் பாருங்க, ஓனர இல்ல. தீ பிடிச்சா அந்த ஒரே ஆள் எத்தன பேர எப்படி வெளிய கொண்டு வருவார்னும் கேளுங்க, முகம் சுளிச்சாலும் பரவால்ல.

கட்டில்லயே இருக்குறவங்கன்னா, ராத்திரியும் திருப்பிப் படுக்க வைக்கணும், பொதுவா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க. ஆளோட தோல், மெத்தை பொறுத்து இது மாறும், ஆனா யார் எப்ப திருப்புனாங்கன்னு எழுதி வைக்குற சீட் இருக்கணும்.

6. மாத்திரை

மாத்திரை கொடுத்ததுக்கு ஒரு சார்ட் இருக்கும், கொடுத்தவங்க நேரம் போட்டு கையெழுத்து போடணும். அதக் காட்டச் சொல்லுங்க. ஒரு இடத்துல காலைல பதினொரு மணிக்கு நான் பாக்குறப்ப ராத்திரி ஒன்பது மணி மாத்திரை வரைக்கும் ஒரே பேனாவுல டிக் போட்டு முடிச்சிருந்தாங்க. சார்ட்டே இல்லாத இடத்த விட இது மோசம்.

பார்க்கின்சனுக்கு லெவோடோபா சாப்பிடுறவங்களா? அந்த மாத்திரை சொன்ன நேரத்துக்கு போயே ஆகணும், தள்ளிப் போனா உடம்பு இறுகி அசைய முடியாம ஆயிடுவாங்க. ஆனா ஹோம்ல "எல்லாருக்கும் எட்டு மணிக்கு மாத்திரை"ன்னு ஒரே ரவுண்டுதான் இருக்கும். உங்க நேரத்த டாக்டர் சீட்டுலயே எழுதி வாங்கிக் கொடுங்க. விழுங்க கஷ்டப்படுறவங்களுக்கு மாத்திரைய பொடிச்சுக் கொடுப்பாங்க, மெதுவா கரையுற வகை மாத்திரையும், மேல கோட்டிங் போட்ட சிலதும் பொடிக்கவே கூடாது, மெதுவா கரையுறதப் பொடிச்சா நாள் முழுக்கப் போக வேண்டிய டோஸ் மொத்தமா இறங்கிடும். எதெது பொடிக்கக் கூடாதுன்னு பார்மசிஸ்ட்கிட்ட கேட்டு லிஸ்ட்ல பக்கத்துலயே எழுதி வச்சிடுங்க.

இன்னொண்ணு, ராத்திரி சத்தம் போடுறார்னு "அமைதியாக்குற" மாத்திரை ஏதாவது புதுசா ஆரம்பிச்சா உங்களக் கேக்காம ஆரம்பிக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க. மறதி நோய் உள்ள பெரியவங்களுக்கு ஆன்டிசைகோட்டிக்னு சொல்ற மனநோய் மருந்து கொடுத்தா இறப்பு அபாயம் கூடுதுன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005லயே எச்சரிக்கை போட்டிருக்கு. சில பேருக்கு அது தேவைப்படும், அத டாக்டர் காரணம் சொல்லி முடிவு பண்ணணும். ஆள் பத்தலங்கறது ஒரு காரணம் இல்ல.

7. பணம்

ரேட் சொல்ற விதம் பொதுவா மூணு மாதிரி. எல்லாம் சேத்து ஒரே தொகை. இல்லன்னா அடிப்படைத் தொகையும் அதுக்கு மேல கேர் லெவல் ஒண்ணு ரெண்டு மூணுன்னும் ஏறும். இல்லன்னா ஒவ்வொரு வேலைக்கும் தனி ரேட். ரெண்டாவது வகையிலதான் அதிகம் ஏமாறுவோம், கம்மியா இருக்குன்னு சேத்துடுவோம், ரெண்டு மாசத்துல "இப்ப லெவல் மூணு ஆயிடுச்சு"ன்னு பில் வரும். எத வச்சு லெவல் ஏத்துவீங்க, யார் முடிவு பண்றது, எத்தனை நாள் முன்னாடி சொல்லுவீங்கன்னு கேட்டு எழுத்துல வாங்குங்க. முதல் தலைப்புல போட்டீங்களே லிஸ்ட், அத இங்க நீட்டுங்க, இந்த லிஸ்ட்டுக்கு மொத்தமா மாசம் எவ்ளோன்னு ஒரே ஒரு நம்பர் சொல்லச் சொல்லுங்க.

மாசக் கட்டணத்துக்கு வெளிய நிக்குற செலவுதான் கண்ணுக்குத் தெரியாம உறிஞ்சும்: டயப்பர், கையுறை, மாத்திரை, டாக்டர் விசிட், பிசியோதெரபி, ஆஸ்பத்திரிக்கு வண்டி, கூட வர்ற ஆளுக்கு மணிக்கணக்கு, முடி வெட்டுறது, ஆக்சிஜன், தண்ணி மெத்தை, ஸ்பெஷல் சாப்பாடு. டயப்பர நீங்களே மொத்தமா வாங்கிக் கொடுக்கலாமான்னு கேளுங்க, பெரும்பாலும் ஒத்துப்பாங்க, நல்லாவே மிச்சமாகும்.

அட்வான்ஸ்ல எது திரும்ப வரும், எது வராதுங்கறத ரெண்டு வரியாப் பிரிச்சு ரிசிப்ட்ல எழுதச் சொல்லுங்க. சேர்ப்புக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது, டெபாசிட் வரணும், ரெண்டையும் ஒரே தொகையா எழுதிட்டா பின்னாடி சண்டைதான்.

8. அக்ரிமெண்ட்ட வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க

அங்கயே உக்காந்து கையெழுத்து போடாதீங்க. "இன்னொரு ஃபேமிலி கேட்டுட்டே இருக்காங்க, இன்னைக்கே சொல்லுங்க"ன்னு அவசரப்படுத்துவாங்க, டோக்கன் வேணா கொடுங்க, கையெழுத்து ஒரு நாள் கழிச்சு. படிக்கும்போது நான் தேடுற இடங்க இதெல்லாம்:

எந்த நிலைமைல அவங்க வெளிய அனுப்பலாம், எத்தனை நாள் நோட்டீஸ். நடக்க முடியாமப் போனா, படுக்கையா ஆனா, கடைசிக் கட்டம் வந்தா வச்சுப் பாப்பாங்களா மாட்டாங்களா, இது நேரடியா எழுதி இருக்கணும், "நிலைமையைப் பொறுத்து"ன்னு இருந்தா மாட்டாங்கன்னு எடுத்துக்கோங்க. ஆஸ்பத்திரியில இருக்குற நாளுக்கு ரூம் வாடகை முழுசா உண்டா, எத்தனை நாள் வரைக்கும் ரூம் பிடிச்சு வைப்பாங்க. இறந்துட்டா எந்த நாள் வரைக்கும் கட்டணம், ரூம் காலி பண்ற நாள் வரைக்குமா மாசக் கடைசி வரைக்குமா. வருஷா வருஷம் எவ்ளோ ஏத்தலாம். அப்புறம் ரொம்ப முக்கியமா, "பொறுப்பாளர்"னு உங்க கையெழுத்து கேக்குற இடத்துல நீங்க உங்க அம்மாவோட பணத்துல இருந்து கட்டுறதுக்கு பொறுப்பா, இல்ல உங்க சொந்தப் பணத்துக்கும் சேத்து ஜாமீனான்னு பாருங்க.

முடிஞ்சா ரெண்டு வாரமோ ஒரு மாசமோ தற்காலிகமா தங்க வைக்குற ஏற்பாடு இருக்கான்னு கேளுங்க. ஆஸ்பத்திரியில "நாளைக்கு டிஸ்சார்ஜ்"னு திடீர்னு சொல்லும்போது கையில கிடைச்ச ஹோம்ல நிரந்தரமா கையெழுத்து போடுறத விட இது எவ்வளவோ மேல்.

9. சேர்க்குற நாள்

காலைல கூட்டிட்டுப் போங்க, வார நாள்ல, ஓனரும் ரெகுலர் ஸ்டாஃபும் இருக்குற நாளா பாத்து. அவங்க படுத்துப் பழகின போர்வை, பழைய சேர், ஃபோட்டோ ரெண்டு இதெல்லாம் முந்தின நாளே போய் ரூம்ல வச்சிடுங்க.

அன்னைக்கே எடை பாத்து எழுதச் சொல்லுங்க. ஒரு மாசத்துல 5 சதவீதம் எடை குறைஞ்சா, இல்ல ஆறு மாசத்துல 10 சதவீதம் குறைஞ்சா அது சாதாரண விஷயம் இல்ல, டாக்டர் பாத்தே ஆகணும், ஆனா முதல் நாள் எடை இல்லன்னா எத வச்சு கணக்கு போடுவீங்க? அதே மாதிரி முதுகு, இடுப்பு, குதிகால் தோல் எப்படி இருக்குன்னு ஸ்டாஃப் முன்னாடியே பாத்து எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கோங்க, ஏற்கனவே இருக்குற தழும்புக்கும் புண்ணுக்கும் பின்னாடி யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேண்டியிருக்காது.

கண்ணாடி, பல்செட், காது மிஷின் மூணுலயும் பேர் போடுங்க. பல்செட் டிஷ்யூ பேப்பர்ல சுத்தி வச்சு குப்பைக்குப் போறது எல்லா ஹோம்லயும் நடக்குற கதை, மூடி உள்ள டப்பா வாங்கிக் கொடுத்துடுங்க. நகை வேண்டவே வேண்டாம்.

10. முதல் சில வாரம்

"என்ன வீட்டுக்கு கூட்டிட்டுப் போ"ன்னு கேப்பாங்க. எல்லாரும் கேப்பாங்க. அதுக்காக தினமும் போய் நாள் முழுக்க உக்காந்திருந்தா ஸ்டாஃபோட பழகவே மாட்டாங்க, சுத்தமா போகாம விட்டாலும் தப்பு. நேரத்த மாத்தி மாத்தி போங்க, சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு தடவயாவது போங்க. நிமிர்த்தி உக்கார வச்சு ஊட்டுறாங்களா, சாப்பிட்டதும் படுக்க வைக்காம ஒரு அரை மணி நேரமாவது உக்கார வைக்குறாங்களான்னு பாருங்க, இல்லன்னா சாப்பாடு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும்.

நேத்து வரைக்கும் நல்லா பேசினவங்க இன்னைக்கு திடீர்னு குழம்பிப் பேசுறாங்க, தூங்கிட்டே இருக்காங்கன்னா "புது இடம், அப்படித்தான் இருக்கும்"னு விட்டுடாதீங்க. யூரின் இன்ஃபெக்ஷன், தண்ணி குடிக்காதது, மலச்சிக்கல், புது மாத்திரை இதுல எதுவா வேணா இருக்கலாம், அன்னைக்கே டாக்டர் பாக்கணும்.

குறை இருந்தா முதல்ல கேர்டேக்கர்கிட்ட கத்தாதீங்க, நீங்க கிளம்பினதுக்கு அப்புறம் உங்க அம்மா அவங்க கையிலதான் இருப்பாங்க. ஓனர்கிட்ட தேதி போட்டு மெசேஜ்ல அனுப்புங்க, பதிலும் எழுத்துல வரட்டும். அடிச்ச தடம், விளக்கம் சொல்ல முடியாத காயம், பணம் காணாமப் போறது மாதிரின்னா இந்த நிதானம் வேண்டாம், நேரா லைசென்ஸ் கொடுத்த ஆஃபீஸுக்கும் போலீஸுக்கும் போங்க.

11. ஹோம் மாத்துறதா இருந்தா

புது இடம் உறுதியாகி பேப்பர் கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் பழைய இடத்துல நோட்டீஸ் கொடுக்கணும், எழுத்துல கொடுத்து, வாங்கிக்கிட்டதா கையெழுத்தும் வாங்கிக்கோங்க. கிளம்பும்போது மாத்திரை சார்ட் காபி, எடை எழுதின சீட்டு, டாக்டர் விசிட் குறிப்பு, மிச்ச மாத்திரை எல்லாம் எண்ணி வாங்குங்க. புது ஹோமுக்கு கடைசியா எந்த மாத்திரை எத்தன மணிக்கு கொடுத்தாங்கன்னு தெரியணும், இல்லன்னா அன்னைக்கு ராத்திரி ஒண்ணு டபுள் டோஸ் போகும், இல்ல ஒரு டோஸ் விட்டுப் போகும். ரூம காலி பண்ணி ஃபோட்டோ எடுத்து சாவி கொடுத்த தேதிய எழுதி வாங்குங்க, டெபாசிட் திரும்பக் கேக்கும்போது முதல்ல கேக்குற கேள்வி அந்தத் தேதிதான்.